கிருமிக்குக் கற்பு தெரியாது

(அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் நடந்த கூட்டத்தில் செய்யப்பட்ட பிரசங்கத்தின் சாரம்)



இன்று எதைப்பற்றிப் பேசப்போகிறீர்கள் என்று இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழர்கள் என்னைக் கேட்டார்கள். வியாதிக் கிருமிகளை ஆராய்ச்சி செய்த ஒரு ஸ்திரீயைப்பற்றிப் பேசப்போகிறேன் என்றேன். அது அவர்களுக்கு அவ்வளவாக ருசிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. சாமியையும் சாஸ்திரத்தையும்பற்றிப் பேசினால் கைதட்டல் கிடைக்கும், ரத்தத்தையும் கண்ணாடிக் குழாயையும்பற்றிப் பேசினால் கொட்டாவிதான் கிடைக்கும் என்பது அவர்களுடைய பயம். ஆனால் நான் சொல்லப்போகிற விஷயத்தில் சாஸ்திரமும் இருக்கிறது, கற்பும் இருக்கிறது, நம்முடைய தமிழர் பெருமை என்பதும் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாய்க் கேட்கவேண்டுகிறேன்.

இந்த ஊருக்கு மேற்கே சில மைலில் பாபநாசம் இருக்கிறது. அங்கே தாமிரபரணியில் முழுகினால் பாவம் தொலையும் என்கிறார்கள். முழுகினவர்கள் கட்டியிருந்த துணியையும் ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். பாவம் போயிற்றா இல்லையா என்று நமக்குத் தெரியாது. துணி போகவில்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறது. 2018ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் 144 வருஷத்திற்கு ஒருமுறை வரும் மகா புஷ்கரம் என்று சொல்லி இந்த ஆற்றில் ஜனங்கள் திரள்திரளாய் முழுகினார்கள். பாவம் ஒரு அழுக்கு, அதைத் தண்ணீரால் கழுவிவிடலாம் என்று நம்புகிறவன், அதோடு நிற்பதில்லை. வியாதி என்பது அந்தப் பாவத்திற்குக் கிடைத்த கூலி என்றும் நம்புகிறான். வியாதிக்காரனைப் பார்த்தவுடன் "என்ன பாவம் செய்தானோ" என்கிறான். இந்த இரண்டாவது நம்பிக்கைதான் மனிதனைக் கொல்லுகிற நம்பிக்கை.

வாந்திபேதி வந்தபோது நம் முன்னோர்கள் அம்மனுக்குக் கோபம் என்று கொடை கொடுத்தார்கள். 1884ஆம் வருஷத்தில் ராபர்ட் காக் என்ற ஜெர்மன் டாக்டர் கல்கத்தாவுக்கு வந்து, ஜனங்கள் குளித்துக் குடிக்கிற குளத்துத் தண்ணீரிலேயே அந்தப் பேதியின் கிருமியைக் காட்டினார். அம்மைக்கும் ஆத்தாள் என்று பெயர் வைத்து வேப்பிலை கட்டினோம். ஊசி குத்தி அந்த ஆத்தாளை இந்தத் தேசத்தைவிட்டு 1975ஆம் வருஷத்தோடு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு எந்த அம்மனும் பெரியம்மை போடவில்லை.

அம்மை குத்துகிறவரைக் கண்டால் ஓடி ஒளிகிற பிள்ளைகள் நாம். சென்னையில் தோல் வியாபாரம் செய்துவந்த ஒரு மராட்டியக் குடும்பத்தில், சகோதரர்களுக்கு நடுவே ஒரே பெண்ணாகப் பிறந்த ஒரு குழந்தை மட்டும், வருஷா வருஷம் வீட்டுக்கு ஊசி குத்த வருகிற சுகாதார அதிகாரியைப் பார்த்துத் தானும் டாக்டராகவேண்டுமென்று ஆசைப்பட்டது. அந்தக் குழந்தைதான் பிற்காலத்தில் டாக்டர் சுனிதி சாலமன் என்று பெயர் பெற்ற அம்மையார். அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். சாலமன் விக்டர் என்ற கிறிஸ்தவரான இருதய அறுவை டாக்டரை மணந்துகொண்டார். அது எந்த வருஷத்துக் கல்யாணம், எந்தக் குடும்பத்துக் கல்யாணம் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த அம்மையார் யாருக்கும் பயந்தவர் அல்ல என்பது விளங்கும். இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய தேசங்களில் இருவரும் வேலை பார்த்துவிட்டு, நம் தேசத்தில்தான் தங்களுக்கு அதிக வேலை இருக்கிறதென்று 1973ல் திரும்பி வந்தார்கள். வந்து, தான் படித்த கல்லூரியிலேயே நுண்கிருமி சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்று, ஆசிரியராகி, பேராசிரியராகவும் ஆனார்.

இனி விஷயத்திற்கு வருகிறேன். 1981ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஐந்து வாலிபர்களுக்குச் சாதாரணமாக வராத ஒரு நுரையீரல் வியாதி வந்திருப்பதாக ஒரு சிறு அறிக்கை வெளியாயிற்று. எய்ட்ஸ் என்று நாம் இன்று சொல்லுகிற வியாதியைப்பற்றிய முதல் அறிக்கை அதுதான். 1983ல் பாரிஸ் பாஸ்டர் ஸ்தாபனத்தில் அதற்குக் காரணமான கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். அங்கேயும் முன்நின்ற ஆராய்ச்சியாளர்களில் ஒருவர் பாரே-சினூசி என்ற ஒரு ஸ்திரீதான்.

நம் தேசத்தில் அப்பொழுது என்ன பேசிக்கொண்டார்கள் தெரியுமா? இது ஒழுக்கங்கெட்ட மேல்நாட்டாரின் வியாதி, நாம் ஏகபத்தினி விரதக்காரர்கள், நம் ஸ்திரீகள் கற்பரசிகள், நாம் தெய்வபக்தி உள்ளவர்கள், ஆகையால் இங்கே அது வராது என்றார்கள். இங்கே வந்து சேருவதற்குள் அமெரிக்காக்காரன் மருந்து கண்டுபிடித்துவிடுவான் என்று எழுதின பத்திரிகைகளும் உண்டு. பம்பாயில் சிலரைப் பரிசோதித்து ஒன்றும் அகப்படாமல் போனதும் இந்தப் பெருமைக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

அந்தச் சமயத்தில், அதாவது 1985ஆம் வருஷக் கடைசியில், டாக்டர் சுனிதி அம்மையாரிடம் செல்லப்பன் நிர்மலா என்ற 32 வயது மாணவி மேற்படிப்புக்கு ஆராய்ச்சி விஷயம் ஒன்று கேட்டார். எய்ட்ஸ் கிருமி இங்கே இருக்கிறதா என்று தேடிப் பார் என்றார் அம்மையார். அந்த மாணவி கிராமத்திலிருந்து, கட்டுப்பாடான குடும்பத்திலிருந்து வந்தவர். முதலில் தயங்கினார். அவருடைய புருஷர் வீரப்பன் ராமமூர்த்தி என்பவர்தான் "செய்" என்று தைரியம் சொன்னவர். பஸ் கூலி மிச்சமாகட்டுமென்று தினந்தோறும் தம்முடைய வண்டியிலேயே மனைவியைக் கொண்டுபோய் விட்டவரும் அவரே. எங்கே கொண்டுபோய் விட்டார்? விபசாரக் குற்றத்திற்காகப் பிடிக்கப்பட்ட பெண்களை அடைத்துவைத்திருந்த காப்பகத்தின் வாசலில். பெண்டாட்டியைக் கோவிலில் கொண்டுபோய் விடுகிற புருஷர்கள் நிறைய உண்டு தோழர்களே, இந்த மாதிரி வாசலில் கொண்டுபோய் விட்டவரை எனக்கு இவர் ஒருவரைத்தான் தெரியும்.

இங்கே ஒரு வார்த்தை. அந்தக் காப்பகத்தில் பெண்கள் இருந்தார்கள். அவர்களிடம் போன ஆண்கள் எங்கே இருந்தார்கள்? அவரவர் வீட்டில் இருந்தார்கள். விபசாரம் என்பது ஒருவர் தனியே செய்யக்கூடிய காரியமா என்று கேட்கிறேன். சட்டம் பெண்ணுக்குக் காவல் போட்டது, ஆணை அவன் பாட்டுக்கு வீட்டுக்குப் போக விட்டது. இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குக் கணக்குத் தீர்க்கவேண்டிவரும்.

மூன்று மாதத்தில் எண்பதுக்கு மேற்பட்ட பெண்களின் ரத்தம் சேர்ந்தது. கைக்கு உறை இல்லை, வேறு பாதுகாப்புச் சாமான் ஒன்றும் இல்லை. தற்காலிகமாக ஏற்படுத்திக்கொண்ட சிறு சோதனைச்சாலையில் ரத்தத்திலிருந்து தெளிநீரைப் பிரித்தார்கள். வைக்க வேறு இடமில்லாமல் நிர்மலா தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்தார். சோதிக்கிற வசதி சென்னையில் கிடையாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் ஜானிடம் இருந்தது. அம்மையார் அவரிடம் பேசி ஏற்பாடு செய்ய, 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் புருஷரும் ஐஸ் பெட்டியில் அதை வைத்துக்கொண்டு இரவு ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்கினார்கள்.

அந்தச் சோதனையின் பெயர் எலிசா. அதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். கிருமி உடம்புக்குள் வந்தால், உடம்பு அதை எதிர்க்க அந்தக் கிருமிக்கென்றே தனியான ஒரு எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. பூட்டுக்குத் தக்க சாவி போல. சோதனைத் தட்டில் பணியாரச் சட்டி மாதிரி சிறு சிறு குழிகள் இருக்கும். குழியின் அடியில் கிருமியின் சரக்கைப் பூசி வைத்திருப்பார்கள். அதாவது பூட்டு அங்கே தயாராக இருக்கிறது. நம்முடைய ரத்தத் தெளிநீரை அதில் விட்டுக் கழுவினால், சாவி இருந்தால் பூட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கும், இல்லாவிட்டால் கழுவினதோடு போய்விடும். ஒட்டி நிற்பதைக் காட்டிக்கொடுக்க நிறம் உண்டாக்கும் மருந்து ஒன்றைப் பிறகு விடுவார்கள். நிறம் வந்தால் கிருமி வந்துபோன அடையாளம் உண்டு, வராவிட்டால் இல்லை. இவ்வளவுதான். அந்தக் குழிக்கு, வந்த ரத்தம் எந்த ஜாதி ரத்தம் என்று தெரியாது, தாலி கட்டின ரத்தமா கட்டாத ரத்தமா என்றும் தெரியாது.

காலையில் சோதனையை வைத்தார்கள். மத்தியானம் கரண்ட் நின்றுவிட்டதால் தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள். திரும்பிவந்து மூடியைத் திறந்தால் ஆறு குழிகள் மஞ்சளாயிருந்தன.

ஆறு!

உடனே அவர்கள் தமுக்கடிக்கவில்லை என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்லவந்தது. வாயை மூடிக்கொண்டு, அதே பெண்களிடம் மறுபடியும் போய், மறுபடியும் ரத்தம் எடுத்து, அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், வெஸ்டர்ன் பிளாட் என்ற வேறொரு முறையில் சோதித்தார்கள். அதுவும் ஆம் என்றது. அதன் பிறகுதான் சர்க்காருக்குச் சொன்னார்கள். 1986 மே மாதத்தில் சுகாதார மந்திரி டாக்டர் எச். வி. ஹண்டே சட்டசபையில் அறிவித்தார். ஜோசியன் என்றைக்காவது, "நான் சொன்னது தப்பாயிருக்கலாம், வேறொரு ஜோசியனிடம் காட்டி உறுதி செய்துகொண்டு வருகிறேன்" என்று சொன்னதுண்டா? தன் வார்த்தையைத் தானே சந்தேகிப்பதுதான் ஆராய்ச்சிக்காரனுக்கு இலட்சணம்.

சர்க்கார் அறிவித்த பிறகும் நம்பாதவர்கள் இருந்தார்கள். சோதனை தப்பு என்றார்கள். வடக்கேயிருந்து வந்த ஒரு ஸ்திரீ தமிழர்களுடைய மானத்தைக் கெடுக்கப் பார்க்கிறாள் என்றுகூடச் சொன்னார்கள். தமிழர் மானத்தைப்பற்றி நாமும் மேடையேறிப் பேசுகிறவர்கள்தான். ஆனால் வியாதியை மூடிவைத்துக் காப்பாற்றவேண்டிய மானம் ஒன்று இருக்குமானால், அந்த மானம் போகட்டும் என்றுதான் சொல்லுவேன். அந்த அம்மையார் சென்னையில் பிறந்து, சென்னையில் படித்து, சென்னையிலேயே உழைத்தவர் என்பதும் அப்படிச் சொன்னவர்களுக்குத் தெரியாததல்ல.

நம்முடைய பக்கத்திலும் ஒரு குறையைச் சொல்லாவிட்டால் அது நாணயமாகாது. இன்ன வியாதிக்காகச் சோதிக்கிறோம் என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. அவர்களுக்குப் படிப்பில்லை, சொன்னாலும் விளங்காது என்று நினைத்ததாக நிர்மலாவே பிற்காலத்தில் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். மேகவியாதிக்குச் சோதிக்கிறார்கள் என்று அவர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். விளங்காது என்று நாம் யாரைப்பற்றி எண்ணுகிறோம்? மேல்ஜாதியான் நம் பாட்டன்மாரைப்பற்றி எண்ணினதும் அதுதானே? படிப்பில்லாதவனுக்கு விளங்கும்படி சொல்லத் தெரியாதது படித்தவனுடைய குறை. பணியாரச் சட்டியைச் சொன்னவுடன் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பாட்டி தலையசைத்தார்களே! இன்று சட்டமே, கேட்டுச் சம்மதம் பெற்றுத்தான் இந்தச் சோதனை செய்யவேண்டும் என்கிறது. 2017ஆம் வருஷத்துச் சட்டம் அது.

நிர்மலா 1987ல் தம் ஆராய்ச்சி நூலைக் கொடுத்துவிட்டு, கிண்டி கிங் ஸ்தாபனத்தில் தடுப்பூசி வேலைக்குப் போய், 2010ல் ஓய்வு பெற்றார். அம்மையாரால் அப்படி விட்டுவிட முடியவில்லை. கிருமியைத் தேடினவரிடம் கிருமி உள்ளவர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். இந்த வியாதிக்காரர்களோடு உனக்கு வேண்டாம் என்று புருஷரே முதலில் தடுத்தாராம். அவர்கள் கதையை ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள், பிறகு அப்படிச் சொல்லமாட்டீர்கள் என்று இவர் பதில் சொன்னாராம். பேராசிரியர் பதவியை விட்டு, 1993ல் தம் தகப்பனார் பெயரால் ஒய். ஆர். கெய்டொண்டே ஆராய்ச்சி நிலையத்தை ஏற்படுத்தினார். மற்ற இடங்களில் தொட மறுத்தவர்களைத் தொட்டுப் பார்த்தார்.

தொட்டுப் பார்த்ததோடு எழுதியும் வைத்தார். அதுதான் ஆராய்ச்சி. மேல்நாட்டில் இந்த நோயாளிகளைக் கொன்ற வியாதி வேறு, நம் நாட்டில் கொல்லுகிற வியாதி வேறு, இங்கே முதல் எமன் நம் பழைய சயரோகம்தான் என்பது அந்த நிலையத்தின் குறிப்புகளிலிருந்து வெளிப்பட்டது. அந்தக் கணக்கு இல்லாவிட்டால் அமெரிக்கப் புத்தகத்தைப் பார்த்து வைத்தியம் செய்து ஆளைச் சாகவிட்டிருப்பார்கள். அடுத்தபடியாக அங்கே வந்த ஸ்திரீகள் யார் என்று பார்த்தார்கள். 2000ஆம் வருஷத்தில் ஒரு கட்டுரையாக அது வெளிவந்தது. பெரும்பாலோர் கல்யாணமானவர்கள், ஆயுளில் ஒரே புருஷனோடு மட்டும் வாழ்ந்தவர்கள்!

காப்பகத்து வாசலில் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்தக் கணக்கு இங்கே வந்து தீர்ந்தது. வீட்டுக்குப் போன ஆண் வெறுங்கையோடு போகவில்லை. "கற்புள்ள பெண்ணுக்கு ஒரு குறையும் வராது" என்று புராணம் பேசினார்கள். கற்பை ஒருத்தி மாத்திரம் காத்து, மற்றவன் காக்கவேண்டியதில்லை என்று வைத்தால், அந்தக் கற்பினால் அவளுக்குக் கிடைப்பது இதுதான்.

நம் பக்கத்துக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. இந்த ஆற்றங்கரையிலிருந்து எத்தனை தலைமுறையாக ஜனங்கள் பம்பாய்க்குப் பிழைக்கப் போகிறார்கள்! தாராவியில் நம் ஜில்லாக்காரர்கள் தெருத்தெருவாக இருக்கிறார்கள். புருஷன் அங்கே, பெண்சாதி இங்கே திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டு. போனவர்கள் எல்லோரும் கெட்டுப்போனார்கள் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லுவது அயோக்கியத்தனம். ஒருவன் கெட்டாலும் அதன் பலன் இந்தத் திண்ணைக்கு வருகிறது என்றுதான் சொல்லுகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மாள் இருக்கிறார். ஊர் பெயர் வேண்டாம். புருஷன் லாரி ஓட்டினவர், இருமி இருமிச் செத்தார். பிறகு இந்த அம்மாளைச் சோதித்தார்கள், இருந்தது. ஒரு ஆஸ்பத்திரியில் கட்டிலைத் தாழ்வாரத்தில் தள்ளிப் போட்டார்கள். வீட்டில் மாமியார் தட்டைத் தனியாக வைத்தார். தெருவில் "அவ ராசி அப்படி" என்றார்கள். "அண்ணாச்சி, நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டார். பகுத்தறிவு பேசுகிற எனக்கு அன்று வாயில் வார்த்தை வரவில்லை. பிறகு ஒரு வழியாக, "நீ ஒரு தப்பும் செய்யலைம்மா, மாத்திரை இருக்கு, வா" என்று அழைத்துக்கொண்டு போனோம். அது பல வருஷமாயிற்று. அவர் இன்றும் பீடி சுற்றுகிறார். மகளுக்கு வியாதி இல்லை, காலேஜில் படிக்கிறாள்.

மாத்திரையைப்பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1996 வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் கிருமி அடங்குகிறது என்று கண்டார்கள். 2004 ஏப்ரல் முதல் நம் சர்க்கார் இலவசமாகக் கொடுக்கிறது. நம் தமிழ்நாட்டில் தாம்பரம் சானடோரியத்தில் ஆரம்பித்தது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டிலுள்ள மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் கிடைக்கிறது. பிறகு அம்மையாரின் நிலையமும் சேர்ந்து, ஒன்பது தேசங்களில், ஒருவருக்குக் கிருமி இருந்து மற்றவருக்கு இல்லாத 1763 ஜோடிகளை வைத்து ஒரு ஆராய்ச்சி நடந்தது. கிருமி உள்ளவருக்குத் தாமதியாமல் மருந்து கொடுத்தால் ஜோடிக்குத் தொத்துவது 96 சதவிகிதம் குறைகிறது என்று 2011ல் தெரியவந்தது. இன்று ஒழுங்காக மருந்து சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி அகப்படாத அளவுக்கு அடங்கினவரிடமிருந்து சேர்க்கையினால் வியாதி தொத்துவதே இல்லை என்று கண்டிருக்கிறார்கள்.

தோழர்கள் சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். கொசு கடித்தால் வருமா என்று ஒன்று. வராது. ஒரே குவளையில் தண்ணீர் குடித்தால்? வராது, குடிக்கலாம், கட்டிப்பிடித்துக்கொள்ளலாம், ஒரே கிணற்றில் இறைக்கலாம்.

அடுத்தது: "பாவம் செய்தவனுக்குத்தானே இது வருகிறது, அவனுக்கு எதற்கு சர்க்கார் செலவில் மருந்து?" எழுதின தோழரை நான் குற்றம் சொல்லவில்லை, ஊரில் பேசுவதைத்தான் எழுதியிருக்கிறார். வயிற்றிலிருக்கிற பிள்ளைக்கும் தாயிடமிருந்து இது வருகிறதே, அந்தப் பிள்ளை எந்தத் தெருவுக்குப் போயிற்று? போன ஜென்மத்தில் போயிற்று என்பீர்கள். சரி. மருந்து கொடாவிட்டால் நூற்றுக்குப் பதினைந்திலிருந்து நாற்பத்தைந்து குழந்தைகள்வரை அந்தப் போன ஜென்மத்துப் பாவத்தைச் சுமக்கின்றன. தாய்க்கு மருந்து கொடுத்தால் அது ஐந்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. மாத்திரைக்குப் போன ஜென்மத்துப் பாவத்தையும் கரைக்கிற சக்தி இருக்குமானால், பாபநாசத்துக்குப் போவானேன்?

சோதித்துக்கொள்ள எங்கே போவது என்று ஒரு தாயார் கேட்டிருக்கிறார். சர்க்கார் ஆஸ்பத்திரியில் அதற்கென்று ஒரு அறை உண்டு, காசு வாங்கமாட்டார்கள், வெளியே சொல்லமாட்டார்கள். பெயர் நம்பிக்கை மையம். நம்பிக்கையை எதிர்த்துப் பேசியே பெயர் கெட்டுப்போனவர்கள் நாம். இந்த ஒரு நம்பிக்கைக்கு நானே வழிகாட்டுகிறேன். புருஷனையும் கையோடு அழைத்துக்கொண்டு போங்கள்.

கடைசிச் சீட்டு: "அந்த வியாதி உள்ளவர்கள் கல்யாணம் செய்துகொள்ளலாமா?" இதற்குச் சுனிதி அம்மையாரே பதில் சொல்லியிருக்கிறார். மருந்தினால் பிழைத்த வாலிபர்களும் பெண்களும் வந்து, எங்களுக்கும் குடும்பம் வேண்டாமா என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்த அம்மையார் கிழப்பருவத்தில் கல்யாணத் தரகு வேலையையும் எடுத்துக்கொண்டார். ஒரு நோயாளிக்கு இன்னொரு நோயாளியைப் பார்த்து, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் எவ்வளவு, கிருமி எவ்வளவு என்று இரண்டு பேருடைய கணக்கையும் வைத்துப் பொருத்தம் பார்த்தார். வயதான பிறகு பிள்ளையை யார் வளர்ப்பார்கள் என்கிற கவலையெல்லாம் அதில் அடங்கியிருக்கிறது. 2015 ஜூலை 28ல் அவர் காலமானார். அந்தக் கல்யாணங்களைப்பற்றி எடுத்த படம் ஒன்று 2017ல் வந்தது. சர்க்கார் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்ததும் அந்த வருஷந்தான். ரத்தக் கணக்கு சரியாக இருந்தபோதிலும் மாப்பிள்ளை என்ன மதம், என்ன படிப்பு, என்ன வருமானம் என்பதையும் பார்க்கத்தான் வேண்டியிருந்ததாம். சாவின் வாசலைத் தொட்டுவிட்டு வந்தவர்கள்கூட அதைக் கேட்காமலிருக்கவில்லை. ஜாதகத்தை மட்டும் அம்மையார் மேஜையில் விரித்ததாக நான் கேள்விப்படவில்லை.